கேமரா யார் கையில் இருந்தது? ஆவணப்பட விழாத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தேர்வுக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். மும்பை விழாவோ, திருவனந்தபுரம் விழாவோ, ஏதோ ஒரு ஊரில் திரைப்படச் சங்கம் வாடகை அரங்கில் இரண்டு நாள் நடத்துகிற சின்ன விழாவோ, எதுவாக இருந்தாலும் சரி, படத்தை உள்ளே விடுவதும் வாசலிலேயே நிறுத்துவதும் நீங்கள்தான் என்பதால் இதை உங்களுக்கே எழுதுகிறேன். ஒரு குடும்பம், அதில் வெளியே சொல்ல முடியாத ஒரு விவகாரம், அந்த வீட்டு ஆட்களே எடுத்து வைத்திருந்த வீடியோக்கள், அதைத் தொகுத்து ஒன்றரை மணி நேரப் படம். இந்த வகையைச் சொல்கிறேன். இப்போது எல்லார் வீட்டிலும் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, அப்பா அம்மா சண்டையைப் பிள்ளை எடுக்கிறான், மாமியார் பேச்சை மருமகள் பதிவு செய்து வைத்துக்கொள்கிறாள். இதில் கொஞ்சமாவது இன்னும் சில வருஷத்தில் படமாகி உங்கள் மேசைக்கு வரத்தான் போகிறது. வரும்போது "அப்பா, என்ன ஒரு உண்மை, ஒளிவு மறைவே இல்லை" என்று நெகிழ்ந்து போய் உள்ளே விட்டுவிடுகிறீர்களே, அதில்தான் எனக்குச் சண்டை.

சும்மா பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது, அதனால் 2003இல் வந்த 'கேப்சரிங் தி ஃப்ரீட்மன்ஸ்' படத்தை வைத்தே பேசுகிறேன். இந்த வகை என்றாலே பலர் வாயில் முதலில் வருகிற பெயர். இயக்கியவர் ஆண்ட்ரூ ஜரெக்கி, சினிமா காட்சி நேரத்தைப் போனில் சொல்கிற மூவிஃபோன் என்ற கம்பெனியை நடத்தி, விற்று, அப்புறம் படமெடுக்க வந்தவர். சண்டான்ஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான பெரும் பரிசு, பிறகு ஆஸ்கர் பரிந்துரை. அதாவது உங்களைப் போன்ற குழுக்கள் ஒன்றுக்கு இரண்டு முறை உட்கார்ந்து பார்த்து, தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய படம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் கிரேட் நெக் என்று ஒரு வசதியான ஊர். அர்னால்டு ஃப்ரீட்மன் ஓய்வுபெற்ற ஆசிரியர், பியானோ வாசிப்பவர், வீட்டின் கீழ்த்தளத்தில் சிறுவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். நெதர்லாந்திலிருந்து அவர் பெயருக்கு வந்த சிறார் ஆபாசப் பத்திரிகை ஒன்று வழியில் பிடிபட, தபால் துறை ஆய்வாளர்கள் அவரைக் கண்காணித்து, 1987 நவம்பரில் வீட்டைச் சோதனை போட்டார்கள். பியானோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மற்ற பத்திரிகைகள் கிடைத்தன. வகுப்பு நடப்பது தெரிந்ததும் விஷயம் உள்ளூர்ப் போலீஸ் கைக்குப் போனது, அவர்கள் மாணவர்களின் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். அந்த மாதக் கடைசியில், அமெரிக்கர்கள் குடும்பத்தோடு கூடிச் சாப்பிடுகிற நன்றியறிதல் நாளை ஒட்டி, அப்பாவையும் 18 வயதுக் கடைசி மகன் ஜெஸ்ஸியையும் கைது செய்தார்கள். வகுப்புக்கு வந்த சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு, அதுவும் நூற்றுக்கணக்கில். 1988இல் இருவரும் அடுத்தடுத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், விசாரணையே நடக்கவில்லை. அர்னால்டு 1995இல் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார். ஜெஸ்ஸி 13 வருஷம் உள்ளே இருந்துவிட்டு 2001 டிசம்பரில் வெளியே வந்தார்.

வழக்கு லேசுப்பட்டதல்ல. போலீஸ் போய்க் கதவைத் தட்டும்வரை ஒரு சிறுவன்கூட, ஒரு பெற்றோர்கூடப் புகார் சொன்னதில்லை. உடம்பில் காயம், மருத்துவச் சான்று என்று எதுவுமே கிடையாது. ஹிப்னாடிசத்துக்குப் பிறகுதான் தனக்கு நினைவு வந்தது என்று ஒரு முன்னாள் மாணவர் படத்திலேயே சொல்கிறார். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் அநியாயமாக மாட்டிக்கொண்டார்கள் என்று தோன்றும். ஆனால் அர்னால்டு ஒன்றும் அப்பாவி இல்லை, வகுப்புச் சிறுவர்களை அல்ல, வேறு இடத்தில் வேறு சிறுவர்களைத் தொட்டிருக்கிறேன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். யார் பக்கமும் நிம்மதியாகச் சாய்ந்து நிற்க முடியாத விவகாரம்.

சரி, வீடியோ எங்கே வந்தது? ஜரெக்கி முதலில் எடுக்கப் போனது இந்தப் படமே இல்லை. நியூயார்க்கில் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களில் கோமாளி வேஷம் போடுகிறவர்களைப் பற்றி ஒரு படம். அதில் பேர்போன கோமாளி டேவிட், அர்னால்டின் மூத்த மகன். பேசப் பேச, இந்த ஆள் எதையோ விழுங்குகிறார் என்று பட்டிருக்கிறது. கடைசியில் வெளியே வந்தது இந்தக் கதை, கூடவே டேவிட் எடுத்து வைத்திருந்த வீடியோக்கள். குடும்பம் கைதுக்கும் சிறைக்கும் நடுவில் தவித்த அந்த மாதங்களில் டேவிட் ஒரு வீடியோ கேமராவும் கையுமாக இருந்திருக்கிறார். சாப்பாட்டு மேசைச் சண்டை, வக்கீல் சொன்னதைப் பற்றிய வாக்குவாதம், அப்பா சிறைக்குப் போவதற்கு முந்தைய இரவு, எல்லாம் ஓடுகிறது. போதாததற்கு ஒலிநாடாக்கள் வேறு. தன் அறையில் தனியாக உட்கார்ந்து தன்னையே படம்பிடித்த ஒரு துண்டில், இது எனக்கும் எனக்கும் நடுவில் உள்ள விஷயம், நீங்கள் நானில்லை என்றால் இதைப் பார்க்கக் கூடாது என்று டேவிட்டே சொல்கிறார். அதை நாம் ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிறோம். சரி, அது அவர் நாடா, அவராகக் கொடுத்தார், அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

என் ஆட்சேபம் அம்மா விஷயத்தில்.

இலேன் ஃப்ரீட்மன். பல வருஷம் உடன் வாழ்ந்த கணவர் தன்னிடம் எதையெல்லாம் மறைத்திருக்கிறார் என்று போலீஸ் மூலமாகத் தெரிந்துகொண்ட பெண். "எங்கள் அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்லு" என்று மகன்கள் நெருக்குகிறார்கள். அவருக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. நீ ஒப்புக்கொண்டால் ஜெஸ்ஸிக்காவது வழி பிறக்கும் என்று கணவரிடம் மன்றாடுகிறார். மகன்களுக்கு அது துரோகம். யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்து மேசையில் அவர்கள் அவர்மேல் பாய்வதைக் கவனித்துப் பாருங்கள். இத்தனைக்கும் காரணமான மனிதர் மேசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார், ஒருவரும் அவரை ஒன்றும் கேட்பதில்லை. கத்துகிறவர் அம்மா, எரிச்சல்படுகிறவர் அம்மா, எழுந்து போகிறவர் அம்மா. பார்வையாளர்களில் எத்தனையோ பேர் அந்த அம்மாவை வெறுத்துக்கொண்டே அரங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள், 'கல்நெஞ்சுக்காரி' என்கிற மாதிரி எழுதியவர்களும் உண்டு.

ஏன் அப்படித் தோன்றுகிறது? கேமரா பெரிய மகன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். அவர் அப்பா பக்கம். எப்போது பொத்தானை அமுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், யார் முகத்தை நெருங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. அந்த அம்மா தனியாகச் சமையலறையில் நின்ற நேரம் நாடாவில் கிடையாது, அவரைச் சீண்டிவிட்டு அப்புறம் கேமராவைப் போட்டார்களா என்பதும் நமக்குத் தெரியப்போவதில்லை. நம்மூர்க் கல்யாண வீடியோவில் யார் வீட்டார் பணம் கொடுத்தார்களோ அவர்கள் பக்கத்து அத்தை மாமாக்கள்தான் நிறைய வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு மறுபக்கத்தில் ஆளே இல்லை என்று எந்தக் கிறுக்கனும் சொல்ல மாட்டான். ஆனால் சண்டை வீடியோ என்று வந்துவிட்டால் மட்டும் நமக்கு அந்தப் புத்தி போய்விடுகிறது, குலுங்குகிற காட்சியும் மங்கலான வெளிச்சமும் பார்த்ததும் கடவுளே நேரில் வந்து எடுத்த மாதிரி நம்பிவிடுகிறோம். ஜரெக்கி பிற்பாடு இலேனிடம் பேட்டி எடுத்துப் போட்டிருக்கிறார், அவர் பொறுமையாக, கொஞ்சம் கசப்பான நகைச்சுவையோடு பேசுகிறார், அது படத்துக்குப் பெருமை. ஆனாலும் பேட்டி வேறு, நாடா வேறு. பேட்டியை வாதமாகக் கேட்கிறோம், நாடாவைச் சாட்சியாகப் பார்க்கிறோம்.

இன்னொரு காட்சி. 1988 டிசம்பர், ஜெஸ்ஸி குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிற நாள். நீதிமன்றத்துக்கு வெளியே அண்ணன் கேமராவைப் பிடிக்க, தம்பி கோமாளித்தனம் செய்கிறான், காமெடி வசனம் பேசுகிறான், ஆடுகிறான். கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் நீதிபதி முன்னால் அழுதபடி, அப்பா என்னையும் சின்ன வயதில் பாழாக்கினார் என்கிற மாதிரி சொல்கிறான். இதைப் பார்க்கிற ஒருவர், அழுகை நடிப்பு, வெளியே ஆடியதுதான் நிஜம், எனவே கல்மனசுக்காரன் என்பார். இன்னொருவர், வெளியே ஆடியது பயத்தில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவனின் கிறுக்கு என்பார். அழுகைக்கான பேச்சு வக்கீல் யோசனை என்று ஜெஸ்ஸி சொல்கிறார், இல்லை அவனாகச் சொன்னது என்று வக்கீல் சொல்கிறார். வீடியோவால் இதில் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்க முடியவில்லை. கீழ்த்தளத்து வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு அந்த வீட்டு நாடாக்களில் ஒரு விநாடிகூடக் கிடையாது, டேவிட்டின் கேமரா ஓடியதெல்லாம் கைதுக்கு அப்புறம். இருந்தும் பார்த்தவர்களெல்லாம் அந்த நாடாக்களை வைத்துத்தான் தீர்ப்பு சொன்னார்கள். சொல்ல வேண்டும் என்றே படத்தையும் விற்றார்கள். சுவரொட்டியில் போட்ட வாசகமே 'நீங்கள் யாரை நம்புகிறீர்கள்?' என்பதுதான். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கைப் பட்டிமன்றத் தலைப்பாக்கி டிக்கெட் போடுவது என்ன ரசனை? அதிலும் ஜெஸ்ஸி நிரபராதி என்று பிற்பாடு வெளிப்படையாக அவருக்காக வாதாடியவர் இதே ஜரெக்கி. அந்தக் கருத்து படமெடுக்கும்போதே இருந்திருந்தால் நேராகச் சொல்லியிருக்கலாம், யாரும் கையைப் பிடிக்கவில்லை.

அப்புறம், படத்தில் எது இல்லை என்று பாருங்கள். இதே வழக்கில் மூன்றாவதாக இன்னொரு பதின்வயதுப் பையனும் கைதாகி, ஒப்புக்கொண்டு, அரசுத் தரப்புக்கு உதவினான். படத்தில் அவன் கிடையாது. (பல வருஷம் கழித்து, தான் சொன்னதெல்லாம் பொய் என்று அவரே மாற்றிச் சொன்னார் என்பது வேறு கதை.) 1989இல் சிறையில் இருந்தபடியே ஜெஸ்ஸி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தான் செய்ததாக ஒப்புக்கொண்டு பேசினார். அரங்குக்கு வந்த படத்தில் அதுவும் இல்லை. நடுப்பிள்ளை பேட்டி கொடுக்க மறுத்துவிட்டார், அது அவர் உரிமை, அவர் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் முகம் பழைய வீட்டுப் படங்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. வாயால் மாட்டேன் என்றவரை முகத்தால் நடிக்க வைத்த மாதிரி. புகார் சொன்னவர்களில் சிலர் 2004இல் ஆஸ்கர் அகாதமிக்கு, எங்களைப் பொய்யர்களாகக் காட்டுகிற படம் இது, பரிசு கொடுக்காதீர்கள் என்று கடிதம் எழுதினார்கள். அவர்களுக்கென்று வீட்டு வீடியோ எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவர்கள் படமும் எங்காவது ஓடியிருக்கும்.

படம் வெளியே போய் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது சும்மா ரசனைப் பிரச்சினை இல்லை என்று தெரிய வேண்டும். படத்தால் கிடைத்த தகவல்களை வைத்து ஜெஸ்ஸி மேல்முறையீட்டுக்குப் போனார். 2010இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், காலம் கடந்துவிட்டதால் நிவாரணம் தர முடியாது, ஆனால் இவர் தவறாகத் தண்டிக்கப்பட்டிருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று எழுதியது. அதன் பேரில் கிரேட் நெக் இருக்கிற நாசோ மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் கேத்லீன் ரைஸ் அலுவலகம் மறு ஆய்வு செய்து, 2013 ஜூனில் 150 பக்கங்களுக்கு மேல் ஓர் அறிக்கை வெளியிட்டு, தண்டனை சரிதான் என்று முடித்தது, கூடவே படத்தில் பேட்டிகளை வெட்டி ஒட்டியிருக்கிற விதத்தையும் கண்டித்தது. முதலில் வழக்குப் போட்ட அலுவலகமே தன் வழக்கைத் தானே ஆய்வு செய்தால் வேறென்ன முடிவு வரும் என்று கேட்பவர்கள் உண்டு, எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் ஒரு மனிதனின் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொள்கிற பழியைப் பற்றிய விவாதம், படத்தின் எந்த வெட்டு எந்த நோக்கத்தில் விழுந்தது என்கிற விவாதமாகப் போய்விட்டது பாருங்கள். முதன்முதலில் ஒரு தேர்வுக் குழு, வெட்டி எறிந்ததில் என்ன இருந்தது என்று ஜரெக்கியைக் கேட்டிருந்தால் இதில் பாதி அப்போதே மேசைக்கு வந்திருக்கும்.

இந்த வகைப் படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாஷா ஜோசப் நூலிங்கர் 2019இல் எடுத்த 'ரீவைண்ட்' இருக்கிறது. அவருடைய அப்பா எந்நேரமும் கேமராவும் கையுமாக இருந்தவர், பிறந்தநாள், பண்டிகை, எல்லாவற்றுக்கும் நாடா உண்டு. சாஷாவைச் சிறுவயதில் பாலியல் கொடுமை செய்தவர்கள் அப்பாவின் சகோதரர்கள் இருவரும் ஒரு உறவுக்காரப் பையனும். அந்த நாடாக்களில் அவர்களும் குடும்பத்தோடு குடும்பமாகச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கொடுமை எதையும் கேமரா பிடிக்கவில்லை, கொண்டாட்டத்தைத்தான் பிடித்திருக்கிறது. பெரியவனான பிறகு அதே நாடாக்களைப் போட்டுப் பார்க்கிற சாஷா, அப்பாவையும் அம்மாவையும் எதிரில் உட்கார வைத்துப் பேசுகிறார். எடுத்தவர் அப்பா, படமாக்கியவர் அதில் அகப்பட்டுக்கொண்ட குழந்தை. கேமரா கை மாறியிருக்கிறது. எனக்கு அந்தப் படத்தை நம்ப முடிகிறது.

ஜோனதன் கவெட்டின் 'டார்னேஷன்' விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. 218 டாலரில், கம்ப்யூட்டரோடு வருகிற ஐமூவி மென்பொருளில் தொகுத்த படம் என்று எல்லாரும் வியந்தார்கள். மனநோயாளியான அம்மாவோடு வளர்ந்த மகன், பதினோரு வயதிலிருந்தே தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டவர், அவர் வலி பொய்யில்லை. ஆனால் அம்மா மனநோய்க்குத் தருகிற லித்தியம் மாத்திரை அளவு மீறிப்போய் மூளை பாதிக்கப்பட்ட பிறகு, ஒரு சின்னப் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு பாடிச் சிரிக்கிற காட்சி ஒன்று வருகிறது, நிற்கவே நிற்காமல் நீண்டுகொண்டு போகிறது. அந்த நிலையில் இருக்கிற ஒருவர் சரி என்று தலையாட்டினால் அது சம்மதமா? எனக்குப் பதில் தெரியாது, ஆனால் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இதில் கூத்து என்னவென்றால், அந்த 218 டாலர் படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவர இசை உரிமைக்கும் பிறவற்றுக்கும் லட்சக்கணக்கான டாலர் செலவழிக்க வேண்டியிருந்தது. பாட்டுக்குச் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்தாக வேண்டும்.

உங்கள் நுழைவுப் படிவமும் அப்படித்தானே இருக்கிறது? பின்னணியில் டிவியில் பத்து விநாடி ஓடுகிற சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கடிதம் கேட்கிறீர்கள். அதே காட்சியில் முன்னால் உட்கார்ந்து அழுகிற பெரியம்மாவுக்கு ஒரு வரி கேட்பதில்லை.

கேளுங்கள். எந்தக் காட்சியை யார் எடுத்தார்கள், எடுக்கும்போது எதிரில் இருந்தவருக்குத் தெரியுமா, இப்போது திரையில் வருவது தெரியுமா என்று கேளுங்கள். யார் யார் மாட்டேன் என்றார்கள் என்று கேளுங்கள், அவர்கள் முகம் இன்னமும் படத்தில் இருக்கிறதா என்றும். முக்கியமாக, முழு நாடா எவ்வளவு நேரம், அதில் எவ்வளவு படத்துக்கு வந்தது என்று கேட்டுவிட்டு, எல்லாம் வேண்டாம், சண்டைக் காட்சி ஒன்றிரண்டையாவது முன்னும் பின்னும் வெட்டாமல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சாரா பாலி 2012இல் எடுத்த 'ஸ்டோரீஸ் வீ டெல்' படத்தில் பழைய சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்த குடும்பப் படம் என்று நாம் நினைத்துப் பார்த்ததில் பலவும் நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்தது. அவர் அதைப் படத்துக்குள்ளேயே போட்டு உடைத்துவிடுகிறார், அதுதான் அந்தப் படத்தின் விளையாட்டே. உடைக்காமல் ஒருவர் உங்களுக்கு அனுப்பினால் கண்டுபிடிக்க உங்களிடம் என்ன வழி இருக்கிறது?

இதெல்லாம் நீதிமன்றத்தின் வேலை, எங்களுக்குக் கலைதான் முக்கியம் என்பீர்கள். கணவனும் மனைவியும் பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் அதை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நல்லதோ கெட்டதோ, அங்கே குறுக்கு விசாரணை உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ஐயா இது மூன்று நிமிஷத் துண்டு, முழுவதையும் போடச் சொல்லுங்கள் என்று கேட்பார். விளக்கை அணைத்துவிட்ட அரங்கத்தில் அப்படி எழுந்து கேட்க ஆள் கிடையாது. படம் அங்கே வருவதற்கு முன்னால் பார்க்கிற நீங்கள்தான் கேட்க முடியும்.

நல்ல படங்கள் பயந்து போய்விடும், புதுப் பையன்களும் பெண்களும் வீட்டுக்குள் கேமராவைத் திருப்பவே யோசிப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. வீட்டில் அடி வாங்குகிற பெண், அடித்தவனிடம் போய்ச் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு வரவா என்றும் கேட்பார்கள், நியாயமான கேள்வி. வாங்க வேண்டாம். 'இவரிடம் கேட்கவில்லை, கேட்காததற்குக் காரணம் இது' என்று எழுதிக் கொடுக்கட்டும், அதைப் படித்துவிட்டு நீங்கள் முடிவெடுங்கள். நான் தடை கேட்கவில்லை, தணிக்கையும் கேட்கவில்லை, படிவத்தில் அரைப் பக்கம் கேட்கிறேன். அந்த அரைப் பக்கத்தில் இருப்பதைப் படம் தொடங்கும் முன் திரையிலோ விழாக் கையேட்டிலோ நாலு வரியாகப் போட்டால் எங்களுக்கும் உபகாரம்.

அடுத்த விழாவுக்கான படிவம் தயாராகும்போது இதைப் பேசுவீர்களா மாட்டீர்களா என்று ஒரு வார்த்தை பகிரங்கமாகச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் ஏன் என்பதையும்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கி உட்காருகிற ஒரு பார்வையாளர்